பழைய ஆயில் இன்ஜினும் நீராவி எந்திரமும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் எங்கள் நிலத்தில், மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் டீசலில் ஓடும் ஓர் ஆயில் இன்ஜின் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த இன்ஜினை ஓட வைத்ததிலிருந்து ஊரிலும் சொந்தத்திலும் ஆளாளுக்கு ஏதாவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பழைய இரும்புதானே, இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

இன்றைய பைக் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய இன்ஜினில் எல்லாமே கண்ணெதிரே நடக்கும். வால்வைத் தள்ளும் கம்பி ஏறி இறங்கும், வால்வை அழுத்தும் ராக்கர் ஆடும், லோடு ஏறினால் டீசல் பம்பை இழுக்கும் கம்பி தானாக நகரும். லிஸ்டர் என்ற இங்கிலாந்து கம்பெனியின் மாடலில் வந்த 6 ஹெச்.பி. இன்ஜின் நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். நாலு ஸ்ட்ரோக் ஆனதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து சொச்சம். ஒவ்வொரு வெடிப்பையும் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும்.

நாங்கள் வெல்லம் காய்ச்சிய காலத்தில் அப்பா கொப்பரைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கரும்பு ஆலை அவருக்கு முதுகுப் பக்கம். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு ரெண்டா விடுப்பா, மூணு விடாத" என்று ஆலையில் கரும்பு கொடுப்பவரிடம் குரல் கொடுப்பார். அந்தக் காது எனக்கும் வேண்டும் என்ற ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

அப்புறம் இன்னொன்று. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷமாக இரும்போடு பழகிய மண் இது. இங்கே ஓர் இன்ஜினைச் சுத்தியலால் உடைத்து எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் பக்கத்தில் நீராவி இன்ஜின் ஓடியிருக்கிறதா?

ஓடியிருக்கிறது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் குறுகிய ரயில் பாதை ஒன்று வந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதற்கு முந்தைய வருஷம், 1905-இல், இன்னொன்று. இரண்டுமே இரண்டரை அடி அகலப் பாதைகள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு வரவும் சனங்களுக்கு வேலை கொடுக்கவும் என்று போடப்பட்டவை. மொரப்பூர் பாதை பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர்–தர்மபுரி பாதையை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது புதிய பாதை என்றே பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே குட்டி நீராவி இன்ஜின் புகை விட்டுக்கொண்டு போயிற்று என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கிழக்கே மொரப்பூர் வழியாகப் போகும் ஜோலார்பேட்டை–சேலம் அகலப் பாதையிலும் நீராவி ஓடியது. நாட்டில் அகலப் பாதை நீராவி இன்ஜின்களின் அன்றாட ஓட்டம் 1995 டிசம்பரில் நின்றது. ஜோலார்பேட்டை மாதிரி ரயில் ஊர்களில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

வடக்கே கோலார் தங்க வயல். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரும் வரை அங்கே சுரங்க வேலைக்கு நீராவியைத்தான் நம்பியிருந்தார்கள். நம் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் அங்கே வேலைக்குப் போனவை. வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சாலை போடும் பழைய ரோலர்கூட நீராவிதானா?

எல்லாம் இல்லை. முன்னால் உயரமான புகைபோக்கி, நடுவில் பீப்பாய் மாதிரி நீளமான பாய்லர், அதன் முதுகின் மேல் சிலிண்டர், பக்கவாட்டில் பெரிய சக்கரம் இருந்தால் அது நீராவி ரோலர். இங்கிலாந்தின் ரோசெஸ்டரில் இருந்த ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி செய்தது என்றால் முன்பக்கம் பின்னங்காலில் நிற்கும் ஒரு குதிரைச் சின்னம் இருக்கும். டாடாவின் டெல்கோவும் 1948-இல் மார்ஷல் கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே நீராவி ரோலர் செய்தது. நீராவி போன பிறகு வந்தவை டீசல் ரோலர்கள். அவற்றில் பாய்லர் இருக்காது.

சாலையோரத்திலோ ஏதாவது அலுவலக வளாகத்திலோ நீராவி ரோலர் நிற்பதைப் பார்த்தால் பெயர்ப் பலகையையும் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது அது அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நீராவி இன்ஜின் ஒன்றை நாமே வாங்கி ஓட்டலாமா?

வாங்கலாம். ஓட்டுவதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும். தண்ணீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு பெருகும். பாய்லருக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் சூடான தண்ணீர், தகடு கிழிந்தால் ஒரே நொடியில் ஆவியாகிவிடும். பாய்லர் வெடிப்பதை ஒரு குழாய் வெடிப்பதைப் போல நினைக்கக் கூடாது. கட்டடமே போகும்.

அதனால்தான் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வெகுகாலம் இருந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குமேல் கொள்ளளவு உள்ள பாய்லரை அழுத்தத்தில் ஓட்டுவதென்றால் பதிவு, ஆய்வாளர் சோதனை, சான்றிதழ் எல்லாம் உண்டு. சோதனையின்போது உள்ளே தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திப் பார்ப்பார்கள். நெருப்பு போடுவதற்கும் சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் வேண்டும்.

பழைய பாய்லர் வெளியே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கலாம். உள்ளே தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. யாராவது, "சும்மா கொஞ்சமா நெருப்பு போட்டுப் பாக்கலாம்ணா" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாய்லரைச் சுற்றியிருக்கும் பழைய வெள்ளை மேற்பூச்சையும் கயிறையும் சுரண்டவும் வேண்டாம், பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: நம் மாவட்டத்துக்காரர் நீராவியைப் போய்ப் பார்த்து ரசிக்கட்டும், கையில் எடுத்து வேலை செய்ய ஆயில் இன்ஜின் இருக்கிறது.

அப்படியானால் எந்த இன்ஜினில் தொடங்குவது?

ஒற்றை சிலிண்டர், மெதுவாக ஓடும், தண்ணீரில் குளிரும் ஆயில் இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டு வந்த மாடல் அது. 5, 6, 8 ஹெச்.பி. என்று வந்தது. 6 ஹெச்.பி. இன்ஜினின் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், ஐந்தரை அங்குலம். அதே மாடலைக் குஜராத்தின் ராஜ்கோட்டில் பல பட்டறைகள் வார்த்து நாடு முழுக்க அனுப்பின. நம் பக்கத்துக் கிணற்று மேட்டிலும் ரைஸ் மில்லிலும் கடலை எண்ணெய் ஆலையிலும் ஓடியவற்றில் இந்தச் சாதிதான் எனக்கு அதிகம் அகப்படுகிறது. பீட்டர் மாடல் என்று சொல்வது வேறு. அது சின்னது, 1500 சுற்று வேகத்தில் ஓடும். ஓட்டிப் பழக அதுவும் பரவாயில்லை. ஆனால் கேட்டு ரசிக்க லிஸ்டர்தான்.

ராஜ்கோட் இன்ஜின் என்றால் மதிப்பு குறைவு என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் நிலத்துக்குத் தண்ணீர் இறைத்தது அதுதான். பாகமும் இன்றுவரை கிடைக்கிறது.

நல்லா ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களை ஏன் கைவிட்டார்கள்?

மின்சாரம் வந்ததால் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும் டீசல் வாங்க யாருக்கும் மனசு வரவில்லை. மீதிக் காரணம் கிணற்றில் இருக்கிறது.

மேட்டில் நிற்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தம் தள்ளிக்கொடுக்கும் உயரம் கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம். நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டினாலே பம்பு திணறும். நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரில் திட்டு கட்டி இன்ஜினையும் பம்பையும் அதில் இறக்கி வைத்தார்கள். பழைய கிணறுகளை எட்டிப் பாருங்கள், பாதி ஆழத்தில் பாறையை வெட்டிய ஒரு மேடையும் மேலே கரி படிந்த சுவரும் இருக்கும். இன்ஜின் நின்ற இடம் அது. எங்கள் கிணற்றில் அப்படி இரண்டு திட்டுகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. முதல் திட்டு தாத்தா வெட்டியது, இரண்டாவது அப்பா வெட்டியது. அதற்குக் கீழே போக வழியில்லை. ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கிய அன்றே இன்ஜினின் வேலை முடிந்தது.

எங்கே தேடினால் கிடைக்கும்?

முதலில் உங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில். நிஜமாகத்தான் சொல்கிறேன். மாமன் வீட்டு வைக்கோல்போருக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லில், பழைய இன்ஜின் கொட்டாயில். "விக்கிறீங்களா?" என்று எடுத்ததும் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். "ஓட வெச்சுப் பாக்கலாமா மாமா?" என்று கேளுங்கள். ஓடிய பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது பழைய இரும்புக் கடை. எடை விலை, அதற்குமேல் ஏதோ கொஞ்சம் என்று முடியும். ஆனால் கடைக்கு வந்துவிட்ட இன்ஜின் அதிக நாள் முழுசாக இருக்காது. பித்தளையும் செம்பும்தான் முதலில் கழலும். கடைக்காரரிடம் போன் நம்பர் கொடுத்து, முழுசாக வந்தால் உடைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா என்று கேட்டுக்கொள்வது நல்லது. என்னிடம் இருப்பதில் ஒன்று அப்படி வந்ததுதான்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டீசல் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காணாமல் போவது அவைதான், வாங்கப் போனால் கையைக் கடிப்பதும் அவைதான். அடுத்து, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டிலும் சிலிண்டரைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டில் ஈரம் கசியும். பிளைவீல் என்ற பெரிய சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து லேசாகத் தூக்குங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் போனால் பயப்பட வேண்டாம், ஓசூரில் லேத்துப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டர்னர்கள், நல்ல வேலை என்றால் ஆசையாகவே செய்து கொடுக்கிறார்கள். சிலிண்டர் வெடிப்பு அப்படி இல்லை. அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சக்கரம் அசையவே இல்லை, பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

பொறுமையாக இருக்க வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வையுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கமே தள்ளக் கூடாது. எனக்குப் பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்படியும் வராவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்து அளவாகத் தட்டலாம். நேராக இரும்பால் அடிக்கக் கூடாது. என் இரண்டாவது இன்ஜினை அவசரப்பட்டு ஒரு பட்டறையில் விட்டேன். பெரிய சுத்தியலால் அடித்து பிஸ்டன் தலையை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நம் ஊர்த் தண்ணீர் இன்ஜினுக்கு ஆகுமா?

ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பல்லில் கறை விழுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதே தண்ணீரின் கடினத்தன்மை இன்ஜினை என்ன செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. சோறு வடிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு சிலிண்டரைச் சுற்றிப் போகும் தண்ணீர்ப் பாதையிலும் படியும். அந்த உப்புப் பாறை சூட்டை வெளியே விடாது. தண்ணீர்த் தொட்டி ஆறிக் கிடக்கும், ஆனால் சிலிண்டர் கொதிக்கும். ஹெட் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எங்கள் இன்ஜினின் பக்க மூடியைத் திறந்தபோது தண்ணீர் போகும் வழியில் சுண்டு விரல்கூட நுழையவில்லை. ஆணியால் சுரண்டச் சுரண்ட, செதில் செதிலாக, கிளிஞ்சல் மாதிரி வந்தது. உடைந்த செதிலில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகள், மரத்தின் வளையங்கள் மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு போகமாக இருக்கும் என்று அப்பா சொன்னார். ஒரு சொம்பு நிறைய வந்தது. மீதிக்கு எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிடை, வெந்நீரில் கரைத்து ஊற்றி ஊற வைத்து, பல தடவை அலசினேன். இப்போது மழைத் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். தொட்டியிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் தானாகச் சுற்றிவரும், சூடானது மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். பம்பு தேவையில்லை.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வது எப்படி?

முதல் தடவை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். ஆயில் அளவு, தண்ணீர், டீசல் குழாயில் காற்று இல்லாதது, மூன்றையும் பார்த்த பிறகு வால்வைத் தூக்கி நிறுத்தும் லிவரைப் போடுங்கள். இப்போது சிலிண்டரில் அழுத்தம் சேராது, சக்கரம் லேசாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது இன்ஜெக்டரிலிருந்து "கிர்ர்க்" என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். கதவுக் கீல் முனகுவது மாதிரி இருக்கும். அது வந்தால் டீசல் தெளிக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நாலு விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கட்டை விரலைச் சுற்றி மடக்கிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். வேகம் கூட்டிக் கூட்டிச் சுற்றி, சக்கரம் தன் கனத்திலேயே ஓடுகிறது என்று கைக்குத் தெரிந்ததும் லிவரை இறக்குங்கள். முதல் வெடிப்பு வரும். இன்ஜின் ஹேண்டிலை முந்தியதும் அது தானாகக் கழன்று கையோடு வந்துவிடும். அப்படி வர வேண்டுமென்றால் ஹேண்டில் பொருந்தும் இடம் வழவழப்பாக, கிரீஸோடு இருக்க வேண்டும். பிசிறு இருந்து ஹேண்டில் மாட்டிக்கொண்டால் அது இன்ஜினோடு சுற்றும். அந்த நேரம் அதைப் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நின்று டீசலை நிறுத்துங்கள்.

வேறு என்ன ஆபத்து?

பிளைவீலை அச்சோடு இறுக்கும் கீ என்ற இரும்பு ஆப்பின் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. வேட்டி நுனி, தோளில் கிடக்கும் துண்டு, சுடிதார் துப்பட்டா எது பட்டாலும் சுருட்டி இழுத்துவிடும். ஓட்டுகிறவர் பேன்ட் போட்டுக்கொள்ளட்டும், பார்க்க வருகிறவர்களுக்குக் கயிறு கட்டி எல்லை வையுங்கள். பெல்ட் ஓடும்போது அதைத் தாண்டிப் போகக் கூடாது. மூடிய அறையில் ஓட்டக் கூடாது, புகையில் ஆளைச் சாய்க்கும் வாயு இருக்கிறது. டீசலை நிறுத்தியும் இன்ஜின் வேகம் பிடித்து ஓடினால், காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைத்து நிறுத்த வேண்டும். அந்தப் பலகையை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலை எண்ணெயில் ஓடும் என்கிறார்களே?

ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆனால் எண்ணெய் கெட்டியானது, குளிர்ந்த இன்ஜினில் சரியாகத் தெளிக்காது, இன்ஜெக்டரில் கரி கட்டும். கடலை எண்ணெய் விற்கும் விலையில் இது தேவையும் இல்லை.

புதுசாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள் என்பேன். பழைய பச்சைப் பெயிண்ட் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் முப்பது வருஷம் யாரோ கை வைத்து நின்றிருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் துடைத்து, மேலே லேசாக எண்ணெய் தடவினால் போதும், துரு நிற்கும். பித்தளைப் பெயர்ப் பலகையைப் புளி போட்டுத் தேய்க்கிறவர்கள் கவனம்: எழுத்து மேடாக வார்த்திருந்தால் பரவாயில்லை. எழுத்தைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் நிரப்பியிருந்தால் அது போய்விடும். எண்கள் தேய்ந்துவிட்டால் அந்த இன்ஜின் எது என்று சொல்ல வேறு அத்தாட்சி கிடையாது.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

திருவிழாக் கடைகளில் தகரப் படகு விற்பார்கள். உள்ளே சின்ன விளக்கு ஏற்றினால் டுப் டுப் என்று தண்ணீர்த் தொட்டியில் ஓடும். அது நீராவியில்தான் ஓடுகிறது. உள்ளே மெல்லிய தகட்டு அறை, அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய்கள். சூட்டில் ஆவி உண்டாகித் தண்ணீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும், மறுபடி தள்ளும். ஒரு பெரிய அண்டாவில் விட்டுக் காட்டுங்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். என் தங்கை மகள் அரை மணி நேரம் அண்டாவை விட்டு நகரவில்லை. "ஆவி எங்க மாமா போச்சு?" என்று அவள் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி.

உயிரோடு ஓடும் நீராவி இன்ஜினை எங்கே பார்க்கலாம்?

மேட்டுப்பாளையம் போங்கள். ஊட்டி மலை ரயில் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் திறந்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பாதை இருக்கும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்ஜின் ரயிலின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். அதில் நாலு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டரில் வேலை செய்துவிட்டு வரும் ஆவி வீணாகாமல், பல்சக்கரத்தைச் சுற்றும் மற்ற இரண்டுக்கும் போகும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த மாடல் அது. அதே மாடலைத் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் புதிதாகவே செய்திருக்கிறார்கள். வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி இன்ஜின் பக்கம் போய் நில்லுங்கள். சூடான எண்ணெயும் ஈர ஆவியும் கலந்த அந்த வாசனையைப் போட்டோவில் கொண்டு வர முடியாது. குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின்தான் இழுக்கும். எனவே நீராவிக்காகப் போகிறவர்கள் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியைத் தவற விடக் கூடாது.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய இ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜினை 2010-இல் பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் மறுபடி ஓட வைத்தார்கள். சென்னை எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே விசேஷ ஓட்டம் விடுவார்கள், செய்தித்தாளைக் கவனித்துக்கொண்டிருங்கள். நின்றபடி இருப்பவற்றைப் பார்க்க நமக்குப் பெங்களூர்தான் பக்கம், கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மைசூர் ரயில் அருங்காட்சியகம்.

ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தார். அவரிடம் என்ன கேட்க?

இந்தப் பொழுதுபோக்கில் ரொம்ப அவசரமான வேலை இதுதான். இன்ஜின் இன்னும் பத்து வருஷம் கூடத் தாங்கும். எங்கள் ஊர்ப் பக்கம் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் இன்ஜின் பார்த்த மெக்கானிக் தாத்தா ஒருவர் இருந்தார். எங்கள் இன்ஜினில் ஒரு தட்டல் சத்தம், எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "கீழ இல்ல சாமி, மேல. ராக்கர் லூசு" என்றார். பையிலிருந்து ஆக்ஸா பிளேடு துண்டு ஒன்றை எடுத்து இடைவெளிக்குள் விட்டு, நட்டைக் கால் சுற்று திருப்பினார். சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பிளேடு துண்டு எவ்வளவு கனம், எந்தப் பக்கம் தேய்த்தது என்று அன்றைக்கு நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கேட்க இப்போது அவர் இல்லை.

அதனால் போனில் பதிவு செய்யுங்கள். இன்ஜினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்து கேட்டால், "அதெல்லாம் என்னப்பா, பழைய கதை" என்று முடித்துவிடுவார்கள். ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் கை பேச ஆரம்பிக்கும், வாயும் கூடவே வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்பதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

வருஷத்தில் எத்தனை தடவை ஓட்ட வேண்டும்? ஓட்டாத நாளில் எப்படி வைப்பது?

மாதம் ஒரு தடவை கால் மணி நேரம் ஓடினால் நல்லது. நாங்கள் ஆயுத பூஜைக்குக் கட்டாயம் ஓட்டுவோம். முந்தின நாள் சாயங்காலமே தொட்டியில் மழைத் தண்ணீர் நிரப்பி, ஆயில் பார்த்து வைத்துவிடுவேன். அப்பா பொட்டு வைத்து, பொரி போட்டு, முதல் ஹேண்டிலைத் தொட்டுக் கொடுப்பார். சுற்றுவது நான்.

நிறுத்தியதும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் அழுத்தம் கட்டி, சக்கரம் எதிர்த்து நிற்கும். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஐப்பசி ஈரம் சிலிண்டருக்குள் போகாது. அந்த நிலையிலேயே விட்டு, புகைக்குழாய் வாய்க்கு ஒரு பால் டின்னைக் கவிழ்த்து, மேலே கோணிச் சாக்கு போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.